மனித உரிமைகள் படிக்க வரும் ராமநாதபுரம் கடலோர மாணவருக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் தங்கச்சிமடம், மண்டபம், தொண்டி, ஏர்வாடிப் பக்கத்திலிருந்து மாணவர்கள் சிலர் ஆண்டுதோறும் என்னைத் தேடி வருகிறார்கள். மனித உரிமைகள் படிக்க வேண்டும், எங்கே சேர்வது என்று கேட்கிறார்கள். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு வீட்டுச் சம்பவத்தைச் சொல்வார்கள். மாமாவின் விசைப்படகு பிடிபட்டு இன்னும் திரும்பவில்லை. சிறையிலிருந்து வந்த சித்தப்பா யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போன அம்மா, எடுத்த பாசியைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையுடன் வந்தார். இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்க இவை போதுமான காரணங்கள். ஆனால் படிப்பு அங்கே முடிவதில்லை, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நான் முதலாண்டு மாணவனாக இருந்தபோது மீனவர் கைதுகளைப் பற்றி எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அழுதுகொண்டே எழுதியது. ஆசிரியர் அதில் எதையும் அடிக்கவில்லை, கடைசிப் பக்கத்தின் அடியில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பித் தந்தார்: "இதில் கடமைப்பட்டவர் யார்?" திரும்பப் படித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் 'அரசு' என்று எழுதியிருந்தேனே தவிர, எந்த அரசு, எந்தத் துறை, எந்த விதியின் கீழ் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. இன்றும் புதிதாக வருபவருக்கு நான் முதலில் சொல்வது அந்தப் பென்சில் கேள்வியைத்தான். குறை வேறு, உரிமை வேறு. ஒரு குறை உரிமையாக நிற்க வேண்டுமானால் நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்: பாதிக்கப்பட்டவருக்கு எந்த உரிமை உண்டு, அது எந்தச் சட்டத்தில் அல்லது உடன்படிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது, அதைக் காக்கக் கடமைப்பட்டவர் யார், எந்த அமைப்பிடம் எத்தனை நாளுக்குள் முறையிட வேண்டும். மூன்று ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ நீங்கள் படிக்கப்போவது இந்த நான்கு கேள்விகளைச் சரியாகக் கேட்கத்தான்.

படிப்பைத் தேர்ந்தெடுத்தல்

இங்கிலாந்தின் எசெக்ஸ், அமெரிக்காவின் கொலம்பியா போன்ற பல்கலைக்கழகங்களில் மனித உரிமைகளை இளநிலைப் பட்டத்திலேயே படிக்கலாம். அங்கேயும் அது தனித்த ஒரே பாடமாக இருப்பதில்லை; சட்டம், அரசியல், வரலாறு, தத்துவம் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டிய படிப்பாகவே இருக்கும். நம் நாட்டில் மனித உரிமைகள் என்ற பெயருள்ள பட்டம் முதுநிலையில்தான் அதிகம் கிடைக்கும், இளநிலையில் அரிது. ஆகவே பெயரைத் தேடி அலைய வேண்டாம். அதே உள்ளடக்கத்தைத் தரும் இரண்டு வழிகள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன.

முதல் வழி ஐந்தாண்டு பி.ஏ., எல்.எல்.பி. படிப்பு. ராமநாதபுரத்தில் 2017-இல் அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டதால் இதற்காக மதுரைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக, நுழைவுத் தேர்வு இல்லாமல், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே சேர்க்கை நடக்கிறது. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்புபவர் கிளாட் என்னும் தேசிய நுழைவுத் தேர்வை எழுத வேண்டும்; அதற்குப் பதினொன்றாம் வகுப்பிலேயே ஆயத்தமாவது நல்லது. இரண்டாவது வழி மூன்றாண்டுக் கலைப்பட்டம்: அரசியல் அறிவியல், வரலாறு, பொருளியல், சமூகப் பணி இவற்றில் ஒன்று. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் இணைவுக் கல்லூரிகள் ராமநாதபுரத்திலும் கடலோர ஊர்களிலும் உள்ளன. இந்தப் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு எல்.எல்.பி.க்கும் போகலாம், மனித உரிமைகள் முதுகலைக்கும் போகலாம். கலைப்பட்டத்தோடு சேர்த்து இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மனித உரிமைகள் சான்றிதழ்ப் படிப்பையும் முடிக்கலாம். அந்தப் பருவத்தில் சேர்க்கை இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், வழக்காடும் எண்ணம் உறுதியாக உள்ளவருக்கு ஐந்தாண்டுச் சட்டப்படிப்பும், இன்னும் தெளிவு வராதவருக்கு மூன்றாண்டுக் கலைப்பட்டமும் பொருந்தும். எதில் சேர்ந்தாலும், சேருமுன் அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, மனித உரிமைகள், அரசியலமைப்பு, பன்னாட்டுச் சட்டம், ஆய்வு முறை ஆகிய நான்கு தாள்கள் எந்தப் பருவங்களில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கும் இருந்தால் போதும். ஆய்வு முறைத் தாள் மட்டும் இல்லையென்றால் அதைக் களப்பணியில் ஈடுகட்டலாம். அரசியலமைப்புத் தாள் இல்லாத படிப்பை எடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் தொழிற்படிப்புகளுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் சட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை மே மாதத்திலேயே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் 61 நாள். வீட்டில் கையிருப்பு குறைந்திருக்கும் அந்த வாரங்களில்தான் விண்ணப்பக் கட்டணமும் கட்ட வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

முதலாண்டில் படிக்க வேண்டியவை

பாடநூலுக்கு முன்னால் மூல ஏடுகளைப் படியுங்கள். 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்ட உலக மனித உரிமைகள் பிரகடனத்தில் முப்பது உறுப்புகளே உள்ளன, தமிழிலும் கிடைக்கிறது, ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். பிரகடனம் என்பது அறிவிப்பு மட்டுமே. அதை நாடுகளைக் கட்டுப்படுத்தும் கடமையாக மாற்றியவை 1966-இன் இரண்டு உடன்படிக்கைகள்: குடிமை, அரசியல் உரிமைகளுக்கு ஒன்று, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு மற்றொன்று. இந்தியா இரண்டிலும் 1979-இல் சேர்ந்தது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டிருந்தாலும் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை, அதாவது அதற்குக் கட்டுப்படுவதாக உறுதியளிக்கவில்லை. 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் சேரவே இல்லை. கையெழுத்திடுவதும் ஏற்புறுதி செய்வதும் ஒன்றல்ல என்பதை முதல் மாதத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். மேடைப் பேச்சில் இவ்விரண்டும் குழம்புவதை அடிக்கடி கேட்கிறோம்.

அடுத்து இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் பாகமும் (அடிப்படை உரிமைகள்) நான்காம் பாகமும் (அரசுக்கான வழிகாட்டு நெறிகள்). உறுப்பு 14, 19, 21, 22, 32 ஆகியவற்றையும், உயர் நீதிமன்றத்துக்கு நீதிப்பேராணை (ரிட்) அதிகாரம் தரும் 226-ஐயும் சொல் சொல்லாகப் படியுங்கள். பின்னர் 1993-இன் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவு மனித உரிமைகளை உயிர், சுதந்திரம், சமத்துவம், கண்ணியம் ஆகியவை தொடர்பானவை என்று வரையறுத்து, அவை அரசியலமைப்பால் உறுதிசெய்யப்பட்டவையாகவோ, பன்னாட்டு உடன்படிக்கைகளில் இடம்பெற்று இந்திய நீதிமன்றங்களால் நிறைவேற்றத் தக்கவையாகவோ இருக்க வேண்டும் என்கிறது. இந்த ஒரு வரையறைக்குள்ளே ஒரு பருவம் முழுக்க விவாதிக்கத் தக்க செய்தி இருக்கிறது.

தீர்ப்புகளைப் படிக்கப் பழகுவதற்கு நம் கரைக்கு நெருக்கமான ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, கட்டுமானத்துக்கும் தொழிலுக்கும் கட்டுப்பாடு உள்ள கரைப்பகுதியான கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் வளர்ப்புத் தொழிலைத் தடுத்தது. அதன் பிறகு 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்து, நீதிமன்றம் தடுத்ததில் எதை இந்தச் சட்டம் அனுமதித்தது, எதை அனுமதிக்கவில்லை என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பண்ணைகளால் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரை, உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் உறுப்பு 21-உடன் எப்படி இணைத்துப் பேசுவது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பாக் விரிகுடாவை வைத்து ஒரு பயிற்சி

இரண்டாமாண்டில் பன்னாட்டுச் சட்டம் வரும்போது எல்லாரும் மீனவர் பிரச்சினையை எடுத்துக்கொள்வார்கள், நீங்களும் எடுப்பீர்கள். அப்போது அவசரப்படாமல் படிப்படியாகப் போக வேண்டும்.

கைதான மீனவருக்காகப் பேசுவோர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது ஐக்கிய நாடுகளின் கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் உறுப்பு. தகுந்த பிணை கட்டியதும் படகையும் ஆட்களையும் விரைந்து விடுவிக்க வேண்டும், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கூடாது என்று அது சொல்கிறது. இந்தியா, இலங்கை இரண்டுமே அந்த உடன்படிக்கையில் உள்ள நாடுகள். இத்துடன் கட்டுரையை முடித்துவிட எண்ணும் மாணவர் ஓர் இடத்தைக் கவனிக்கத் தவறுகிறார்: 73-ஆம் உறுப்பு தனிப்பொருளாதார மண்டலத்தைப் பற்றியது, அதாவது மீன்வளம் போன்றவற்றில் மட்டும் கரைநாட்டுக்குத் தனி உரிமை உள்ள வெளிக்கடல் பரப்பைப் பற்றியது. பாக் விரிகுடாவோ, இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லை குறித்துச் செய்த 1974 ஜூன் ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே 'வரலாற்று நீர்ப்பரப்பு', அதாவது நெடுங்காலமாக இரு நாடுகளும் தமதாகக் கொண்ட நீர்ப்பரப்பு, என்று குறிக்கப்பட்டது. ஆகவே அந்த உறுப்பு இங்கே நேரடியாகப் பொருந்துமா என்பதே முதல் கேள்வி. பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால் உங்களிடம் வேறு என்ன இருக்கிறது? இருக்கிறது. கடலில் எந்த மண்டலமாக இருந்தாலும், காவலில் வைக்கப்பட்டவரை மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்ற குடிமை உரிமைகள் உடன்படிக்கையின் பத்தாம் உறுப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தும். அந்நாடு அதில் 1980-இல் சேர்ந்தது. காரணமின்றிச் சிறைவைப்பதற்கு எதிரான ஒன்பதாம் உறுப்பும் அவ்வாறே. 1963-இன் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-ஆம் உறுப்பின்படி, கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. வலுவான வாதத்தை எங்கே ஊன்றுவது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தப் பயிற்சியின் பயன்.

இனி ஒரு படி மேலே. அக்கரையில் இருப்பவர்களும் மீனவர்களே, தமிழர்களே. போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்கில் கடலுக்குப் போக முடியாமல் இருந்த வட மாகாண மீனவர்கள் இன்று தங்கள் வலைகள் நம் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துச் செல்லும் இழுவை மடியில் அறுபடுகின்றன என்று முறையிடுகிறார்கள். இலங்கை 2017-இல் இழுவை மடி மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடைசெய்தது. அவர்களுடைய வாழ்வாதார உரிமையும் 1966-இன் பொருளாதார உரிமைகள் உடன்படிக்கையில் நம்முடையதைப் போலவே எழுதப்பட்டிருக்கிறது. இதைச் சொன்னால் ஊரில் கோபப்படுவார்கள் என்று சில மாணவர்கள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்காரரும் நாட்டுப்படகுக்காரரும் வாரத்தின் நாள்களைப் பங்கிட்டுக் கடலுக்குப் போகும் வழக்கம் பேசித் தீர்த்துக்கொண்டதுதானே? ஒருவருக்கு உண்டான உரிமை மற்றவருக்கும் உண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகே அந்தப் பங்கீடு நடந்தது. அக்கரை மீனவரின் உரிமையை விட்டுவிட்டு எழுதப்படும் கட்டுரை எவ்வளவு உணர்ச்சியோடு இருந்தாலும், அதை ஒரு தரப்பின் வழக்குரை என்றே நான் மதிப்பிடுவேன். ஆய்வு என்று மதிப்பெண் தர மாட்டேன்.

முறையிடும் வழிகளைக் கற்றல்

தேசிய மனித உரிமைகள் ஆணையம் 1993 அக்டோபரிலும், தமிழ்நாடு மாநில மனித உரிமைகள் ஆணையம் 1997 ஏப்ரலிலும் அமைந்தன. அவற்றில் முறையிடக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தமிழிலேயே எழுதலாம். ஆனால் மூன்று வரம்புகளைத் தெரிந்துகொள்ளாமல் யாருக்கும் மனு எழுதிக் கொடுக்காதீர்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. முறையீடு பொது ஊழியர் ஒருவரின் மீறலையோ, மீறலைத் தடுக்காத கவனக்குறைவையோ பற்றியதாக இருக்க வேண்டும். ஆயுதப்படையினர் மீதான முறையீடுகளுக்கு 1993 சட்டத்தின் 19-ஆம் பிரிவு தனி நடைமுறை வகுக்கிறது. தேசிய ஆணையமே நேரடியாக விசாரிக்காமல் மத்திய அரசிடம் அறிக்கை கேட்கும். கடலோர மாணவர் இந்தப் பிரிவைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும். ஏனென்றால் நம் மக்கள் கடலில் சந்திக்கும் சீருடைகள் எல்லாம் ஒரே துறையைச் சேர்ந்தவை அல்ல. ஆணையங்களின் பரிந்துரைகளுக்கு எவ்வளவு வலு என்பது நெடுநாள் விவாதம்; சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-இல் அவை அரசைக் கட்டுப்படுத்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள்.

நீதிமன்றம் என்றால் நம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதற்கு முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், காவலில் உள்ளவர்கள், இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. இந்தக் குழுவுக்குச் சட்டத் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். வகுப்பறையில் ஓராண்டில் கற்பதை அங்கே ஒரு மாதத்தில் கண்ணால் பார்க்கலாம்.

களத்தில் ஒரு மனு

பாம்பன் அருகே ஒரு கிராமத்துக்கு மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். பாசி எடுத்துவிட்டுக் கரையேறிய பெண்கள் விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கும்போது கை கிழியாமலிருக்க அப்படிச் சுற்றிக்கொள்வார்கள். நனைந்து ஊறிய துணியைப் பிரித்தபோது விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவர்களில் மூத்தவர் என் மாணவியைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நீ படிக்கிற படிப்புல எங்க பாசிக்கு என்னம்மா எழுதியிருக்கு?" மாணவி நேர்மையாகச் சொன்னாள்: "தெரியல அக்கா. பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவள் பார்த்தாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, ஓர் இடத்தைப் பூங்காவாக்கும்போது அங்கே முன்பிருந்தே உரிமை கொண்டாடுபவர்களைக் கேட்டு முடிவுசெய்யும் கடமை மாவட்ட ஆட்சியருக்கு உண்டு. 2006-இன் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களையும் வனநிலம் என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. ஆனால் பழங்குடியல்லாதோர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்த வனத்தைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பவளப்பாறையும் கடற்புல்லும் காக்கப்பட வேண்டியவைதாம். அந்தப் பெண்களும் அதை மறுக்கவில்லை. எனவே கேள்வி மிகக் குறுகியதாக வந்து நின்றது: தங்கள் கிராமத்தாரின் உரிமைகளைக் குறித்து ஆட்சியர் விசாரணை நடந்ததா, நடந்ததென்றால் பதிவு எங்கே?

அதைக் கேட்பதற்கு 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவஞ்சலில் அனுப்ப வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவருக்கு அந்தக் கட்டணமும் இல்லை. முப்பது நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மாணவி எழுதிய முதல் வரைவில் "எங்களுக்கு ஏன் அநீதி இழைக்கிறீர்கள்?" என்ற வரி இருந்தது. ஏன் என்று கேட்டால் விளக்கம் தர அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர். பதிவில் உள்ளதைத் தரவே கடமைப்பட்டவர். அந்த வரியை எடுத்துவிட்டு, விசாரணை அறிவிப்பின் நகல், தேதி, அது ஒட்டப்பட்ட கிராமங்களின் பட்டியல் என்று மூன்று ஆவணங்களைக் கேட்டோம். மனுதாரராகக் கையெழுத்திட்டது மாணவி அல்ல. அந்த மூத்த பெண்தான். தன் பெயரில் போகட்டும் என்று அவரே சொன்னார். அஞ்சலக ரசீதை நெகிழிப் பையில் போட்டுக் குடும்ப அட்டையோடு வைத்துக்கொண்டார்.

இதில் நீங்கள் கற்க வேண்டிய ஒழுங்குகள் சில உண்டு. ஒருவரின் கதையைக் கேட்கும் முன் அதை எங்கே எழுதப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வேண்டாம் என்றால் குறிப்பேட்டை மூடிவிடுங்கள். பெயரையும் ஊரையும் மாற்றி எழுதுங்கள். படம் எடுக்காதீர்கள். மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழரிடம் பேசப் போகிறவர் இருமடங்கு கவனத்தோடு இருக்க வேண்டும்; முகாமுக்குள் செல்ல அனுமதி பெற வேண்டும், நீங்கள் எழுதும் ஒரு வரி அவர்களுடைய பதிவையோ பயணத்தையோ பாதிக்கலாம். அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இல்லை என்று முன்னே சொன்னேன்; ஆனாலும் உறுப்பு 14-உம் 21-உம் குடிமக்கள் என்று சொல்லாமல் எந்த நபருக்கும் என்றே சொல்கின்றன. முகாமில் பிறந்து வளர்ந்தவர்களுக்காகப் பேசத் தொடங்க வேண்டிய இடம் அந்தச் சொல்தான்.

மொழியும் வேலையும்

தீர்ப்புகளும் உடன்படிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதற்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழிலும் வெளியிடுகிறது. வாரம் ஒரு தீர்ப்பை இரு மொழியிலும் அருகருகே வைத்துப் படித்து, சட்டச் சொற்களுக்கு ஒரு சொற்பட்டியல் எழுதி வாருங்கள்; மூன்றாம் பருவத்துக்குள் ஆங்கிலம் கைக்கு வந்துவிடும். தமிழில் பிழையின்றி மனு எழுதும் திறமையை இழந்துவிடாதீர்கள். ஊருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான்.

மனித உரிமைகள் அலுவலர் என்ற பெயரில் வேலைகள் மிகக் குறைவு. இந்தப் படிப்பு படித்தவர்கள் வழக்கறிஞராகிறார்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் சமூக நலத் துறையிலும் பணியாற்றுகிறார்கள், இதழாளராகிறார்கள், அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளை எழுதுகிறார்கள், தொண்டு நிறுவனங்களில் சேர்கிறார்கள், ஆசிரியராகிறார்கள். முதல் சில ஆண்டுகள் வருமானம் குறைவாகவே இருக்கும் என்பதை வீட்டாரிடம் சேர்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சேர்க்கை உறுதியானதும் வகுப்பு தொடங்கும் வரை சில வாரங்கள் கிடைக்கும். அதில் ஒரு திங்கட்கிழமை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போய்க் காலை முதல் மதியம் வரை வரிசையின் அருகே உட்கார்ந்திருங்கள். யாராவது மனு எழுதித் தரக் கேட்டால் எழுதிக் கொடுங்கள். மனுவில் தேதி இருக்கிறதா, எந்த அலுவலருக்கு என்று இருக்கிறதா, என்ன நிவாரணம் வேண்டும் என்று கடைசிப் பத்தியில் இருக்கிறதா, ஒரு நகல் மனுதாரர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.